இரும்பு மண்டிய வயலுக்கு எந்த டிடெக்டர்?

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் பக்கம் உழுதுபோட்ட வயலுக்குள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினால், வெள்ளிக் காசுக்கு வெகு முன்னதாகக் காதில் விழுவது இரும்புதான். குதிரை லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி, கொல்லன் கையால் அடித்த சதுர ஆணி, பலுகின் ஒடிந்த பல், கலப்பைக் கொழுவின் சில்லு, முள்கம்பித் துண்டு, கதவுக் கீல், டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டு. பல நூறு ஆண்டு உழவில் இத்தனையும் கலந்து, மேல் ஒன்றரைச் சாண் மண்ணுக்குள் எங்கும் பரவிக் கிடக்கின்றன.

புதிதாக வந்தவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காது வலிக்கிறது என்று இரைச்சல் இல்லாத மூலைக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த மூலையில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அங்கே யாரும் வாழ்ந்ததில்லை. ஆணி கொட்டிக் கிடக்கிறது என்றால் அங்கே ஒரு கூரை இருந்திருக்கிறது. அல்லது ஒரு தொழுவம், ஒரு கொல்லுப்பட்டறை, சந்தைக்குப் போன ஒரு வண்டித்தடம். ஆள் புழங்கிய இடத்தில்தான் காசும் பொத்தானும் இடுப்புவார்ப் பூட்டும் கீழே விழுந்திருக்கும். இரும்பு அதிகமான இடத்தில்தான் தேட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டால், எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்வியே மாறிவிடுகிறது.

விளம்பரங்கள் ஆழத்தைச் சொல்லித்தான் விற்கின்றன. இரும்பு வயலில் ஆழம் இரண்டாம்பட்சம். ஆணிக்கு இரண்டு விரல் தள்ளிக் கிடக்கும் சிறு காசைத் தனியாகப் பிரித்துச் சொல்லுமா என்பதுதான் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்வி. காயில், அமைப்புகள், நடை எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவுசெய்யுங்கள்.

ஆணி எப்படி மறைக்கிறது

வயலுக்கென்று விற்கப்படும் டிடெக்டர்களில் ஏறக்குறைய எல்லாமே வி.எல்.எஃப். வகை. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று, நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. எதிரில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்புகிறது. அதை மற்றச் சுருள் பிடிக்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே உள்ள கட்ட வேறுபாட்டை வைத்துக் கருவி எண் போடுகிறது. வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகள் அளவையின் மேற்பக்கம் நிற்கும். மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் கீழ்ப்பக்கம். அதற்கும் கீழே இரும்பு.

இரும்பு மட்டும் இரட்டை வேடம் போடும். அதற்குக் காந்தத்தன்மையும் உண்டு, மின்னோட்டமும் அதில் ஓடும். சிறு ஆணியில் காந்தத்தன்மை ஓங்கி நிற்பதால் கருவி அதை எளிதாக இரும்பென்று சொல்லிவிடுகிறது. கோடரித் தலை, லாடம், சங்கிலிக் கண்ணி, வாஷர் போலப் பெரிதாகவோ தட்டையாகவோ வளையமாகவோ இருந்தால் சுழல் மின்னோட்டம் பலமாக ஓடி, வெள்ளிக்குரிய எண்ணையே காட்டிவிடும். இரும்பு வயலில் தோண்டிப் பார்த்து ஏமாறும் குழிகளில் பெரும்பாலானவை இந்த வகை.

ஏமாற்றும் இரும்பால் போவது கொஞ்ச நேரமும் முதுகுவலியும்தான். மறைக்கும் இரும்பால் காசே போகிறது. காயிலுக்கு அடியில் ஒரே சமயத்தில் ஆணியும் காசும் இருந்தால், திரும்பி வருவது இரண்டும் கலந்த ஒரே அலை. ஆணி மேலே, காயிலுக்குப் பக்கத்தில். காசு நான்கு விரற்கடை கீழே. பக்கத்தில் இருப்பதன் குரல்தான் ஓங்கும். கருவி “இரும்பு” என்று உறுமிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். சுத்தமான மண்ணில் 20 செ.மீ. ஆழத்தில் அதே காசை எடுத்துக்கொடுத்த கருவி, இங்கே 8 செ.மீ. ஆழத்தில் அதைத் தவறவிடும். ஆழத்துக்காகக் கொடுத்த பணம் இந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

தேடும் பொருள் எவ்வளவு சிறியது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதலாம் எட்வர்ட் காலத்துச் சுத்தியலடி வெள்ளிப் பென்னி ஏறக்குறைய 19 மி.மீ. அகலம், 1.4 கிராம் எடை, தாள்போல மெலிது. 1279-இல் தொடங்கிய அவருடைய நாணயச் சீர்திருத்தம் வட்டமான சிறு காசுகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும்வரை, பென்னியை அதன் பின்புறச் சிலுவை வழியாகப் பாதியாகவும் காலாகவும் வெட்டித்தான் சில்லறை மாற்றினார்கள். அந்தக் கால் துண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அப்படி ஒரு துண்டின் குரல், துருப்பிடித்த ஆணியின் குரலுக்கு முன்னால் எடுபடுவதற்கு நாம்தான் வழி செய்து கொடுக்க வேண்டும்.

காயில்: முதல் செலவு இங்கேதான்

பழைய கருவி கையில் இருக்கிறது, புதுக் கருவிக்குப் பணம் போதாது என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிறிய காயில் வாங்குங்கள். விலை உயர்ந்த கருவியில் பெரிய காயில் மாட்டி இரும்பில் நடப்பவரைவிட, நடுத்தரக் கருவியில் 6 அங்குலக் காயில் மாட்டியவர் அந்த இடத்தில் அதிகம் எடுப்பார்.

காரணம் எளிது. இப்போது வரும் காயில்களில் பெரும்பாலானவை டபுள்-டி எனப்படும் அமைப்பு. ‘டி’ எழுத்து வடிவில் இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பட்டைதான் நன்றாகப் பார்க்கும். அந்தப் பட்டை காயிலின் முன்முனையிலிருந்து பின்முனைவரை ஓடுகிறது. 11 அங்குலக் காயிலில் அது ஏறக்குறைய 28 செ.மீ.; 6 அங்குலத்தில் 15 செ.மீ. அந்த நீளத்துக்குள் எந்த இடத்தில் ஆணி இருந்தாலும், அதே பட்டையின் கீழ் வரும் காசோடு கலந்துவிடும். பரப்பளவாகப் பார்த்தால் 11 அங்குல வட்டம் 6 அங்குல வட்டத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். பெரிய காயில் ஒரு வீச்சில் நான்கு ஆணிகளைச் சேர்த்துப் பார்க்கும் இடத்தில், சிறியது ஒன்றைத்தான் பார்க்கும்.

இந்தப் பட்டையை மனதில் வைத்தால் எந்தத் திசையில் வீச வேண்டும் என்பதும் விளங்கிவிடும். காயிலை இடவலமாக வீசுகிறோம். ஆணியும் காசும் உங்களுக்கு முன்னும் பின்னுமாக வரிசையாகக் கிடந்தால் இரண்டும் ஒரே நொடியில் பட்டைக்குள் வரும். ஆணி காசை விழுங்கிவிடும். அதே இரண்டும் இடவலமாகக் கிடந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும். காசு தன் முறை வரும்போது பேசிவிடும். அதனால் நல்ல இடத்தில் ஒரு திசையில் நடந்து முடித்ததும், அதே கட்டத்தை 90 டிகிரி திரும்பிக் குறுக்காக நடக்க வேண்டும். குறுக்காக நடக்காத இரும்புக் கட்டத்தைத் தேடி முடித்த கட்டமாக நான் கணக்கில் வைப்பதில்லை.

நீள்வட்டக் காயில்களும் உண்டு. நோக்டா லெஜண்டுக்கு 9.5க்கு 6, மைன்லேப் இக்வினாக்ஸுக்குக் காயில்டெக் செய்யும் 10க்கு 5 போன்றவை. இவற்றில் பட்டை நீளமாகவே இருப்பதால் பிரிக்கும் திறனில் 6 அங்குல வட்டத்தை எட்டமாட்டா. ஆனால் குறுகலாக இருப்பதால் பக்கவாட்டில் வேண்டாததைக் குறைவாகவே பார்க்கும். அறுவடைத் தாள் வரிசைகளுக்கு இடையிலும் வழுக்கிப் போகும். நாள் முழுக்க நடக்கவும் தோதானவை. ஒரே ஒரு கூடுதல் காயில்தான் வாங்க முடியும், வயலில் இரும்பு சுமாராகத்தான் இருக்கிறது என்றால் நீள்வட்டம் வாங்குங்கள். பழைய வீட்டுத் தளம் மாதிரி ஆணி நெருக்கமாக இருந்தால் 6 அங்குல வட்டம்தான். 15 அங்குலக் காயில்களை இந்த வேலைக்கு யோசிக்கவே வேண்டாம்.

சிறிய காயிலில் ஆழம் குறையும், உண்மைதான். முன்னே சொன்ன வெட்டுக்காசு அரைச் சாண் ஆழத்தில் கிடந்தால் பிடிக்கும். முழுச் சாணில் கிடந்தால் பிடிக்காது. உழவு மண்ணில் காசுகள் வருஷாவருஷம் மேலும் கீழும் புரள்வதால், இந்த ஆண்டு கீழே இருப்பது இன்னோர் ஆண்டு மேலே வரும்.

கருவிக்குள் பார்க்க வேண்டியவை

காயிலுக்கு அடுத்தது, ஒரு சிக்னலிலிருந்து மீண்டு அடுத்த சிக்னலுக்குத் தயாராகும் வேகம். மைன்லேப் இதை ரெகவரி ஸ்பீட் என்கிறது. பிரெஞ்சு நிறுவனமான எக்ஸ்.பி. ரியாக்டிவிட்டி என்கிறது. ஒரு மணியை அடித்தால் அதன் ரீங்காரம் அடங்குமுன் அடிக்கும் அடுத்த மணி தெளிவாகக் கேட்காது. மெதுவாக மீளும் கருவியும் அப்படித்தான். ஆணியின் ஒலி இழுத்துக்கொண்டே போய்ப் பக்கத்துக் காசின் ஒலியை மூடிவிடும். இக்வினாக்ஸ் 800-இல் இந்த அமைப்பு 1 முதல் 8 வரை. அதன் தம்பியான 600-இல் மூன்றே படிகள். இரும்பு வயலுக்கென்றே வாங்குகிறவர் இந்த வித்தியாசத்துக்காக மட்டுமே 800-க்குப் போகலாம். இரும்பில் 6 அல்லது 7-இல் வைத்துத் தொடங்குங்கள். வேகத்தைக் கூட்டினால் ஒலி குறுகி, வெட்டுப்பட்டதுபோலக் கேட்கும், ஆழமும் குறையும். அந்தக் குட்டை ஒலிக்குக் காது பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

அடுத்து டிஸ்கிரிமினேஷன். இரும்பு எண்களை அடைத்துவிட்டால் கருவி அமைதியாகிவிடும், நிம்மதியாக நடக்கலாம் என்று தோன்றும். பல கருவிகளில், அடைக்கப்பட்ட இரும்பைக் கடக்கும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல சிக்னலின் ஓரமும் சேர்ந்து வெட்டுப்படும். அதைவிடப் பெரிய நஷ்டம், எங்கே இரும்பு நெருக்கம், எங்கே இடைவெளி என்ற தகவலே காதுக்கு வராமல் போய்விடும். பழைய வீட்டின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை நான் ஆணிகளின் உறுமலை வைத்தே கண்டுபிடிக்கிறேன். அதனால் இரும்பை அடைக்காமல், அதன் ஒலியளவை மட்டும் குறையுங்கள். எக்ஸ்.பி. டியூஸில் இதற்கு அயர்ன் வால்யூம் என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. இக்வினாக்ஸ் 800-இல் இரும்புத் தொனியின் ஒலியளவைத் தனியாகக் குறைக்கலாம். பின்னணியில் மெல்லிய முணுமுணுப்பாக இரும்பு, அதற்கு மேலே எழும் நல்ல தொனி. இந்த வசதி இல்லாத கருவியை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், இரும்பு வயலுக்கு வாங்கச் சொல்லமாட்டேன்.

அயர்ன் பயஸ் என்பது வேறு. ஏமாற்றும் இரும்பைக் குறைக்க வந்த வசதி அது. இரும்பா, நல்ல உலோகமா என்ற சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கருவிக்குச் சொல்கிறது. கூட்டி வைத்தால் லாடமும் கோடரியும் வெள்ளி வேஷம் போடுவது குறையும். ஆனால் ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசின் சிக்னலும் சந்தேகத்துக்குரிய சிக்னல்தானே. அதையும் இரும்பென்று தள்ளிவிடும். முதல் நாள் கொஞ்சம் கூட்டி வைத்துப் பழகுங்கள். காது தேறியதும் ஆகக்குறைந்த அளவுக்கு இறக்கிவிடுங்கள். அதனால் கூடுதலாகத் தோண்ட வேண்டியிருக்கும். அதுதான் இந்த வயலின் கூலி.

அதிர்வெண் பற்றி நிறைய விவாதம் நடக்கிறது. வாங்குகிறவருக்குச் சுருக்கமாகத் தெரிந்தால் போதும். தாழ்ந்த அதிர்வெண் பெரிய, நன்றாகக் கடத்தும் பொருளுக்கு. உயர்ந்தது சிறிய, மெல்லிய பொருளுக்கு. வெட்டுக்காசும் ரோமானியர்களின் சின்னஞ்சிறு வெண்கலக் காசுகளும் தேடுகிறோம் என்பதால், ஒற்றை அதிர்வெண் கருவி என்றால் 12 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. பல அதிர்வெண்களை ஒரே சமயத்தில் அனுப்பும் கருவி என்றால் அந்த முறையிலேயே விட்டுவிடலாம். இரும்பை அடையாளம் காண்பதில் அது ஒற்றை அதிர்வெண்ணைவிடப் பெரும்பாலும் கைகொடுக்கும்.

சென்சிட்டிவிட்டியை உச்சத்தில் வைப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். இரும்பில் அதை இரண்டு மூன்று படி இறக்குங்கள். ஆணிகளின் சலசலப்பு அடங்கும், பிரிப்பு தெளியும். கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும்போது காயிலுக்குக் கீழே ஆணி இல்லாத ஓர் இடத்தை முதலில் தேடிக்கொள்ளுங்கள். ஆணியின்மேல் நின்று மண்ணுக்குச் சமன் செய்தால் அன்றைய நாள் முழுக்கத் தப்பாகவே ஓடும்.

மூன்று நான்கு பெயர்கள்

2009-இல் வந்த முதல் எக்ஸ்.பி. டியூஸ், இங்கிலாந்து வயல்களில் இரும்புக்குப் பேர்போனது. 9 அங்குலக் காயில், 4, 8, 12, 18 கிலோஹெர்ட்ஸ், ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, வேகமான மீட்சி. பல அதிர்வெண்ணோடு டியூஸ் 2 வந்த பிறகு பழையது கைமாற்றாக நிறையக் கிடைக்கிறது. இரும்பு வயலுக்கு மட்டும் கருவி தேடுகிறவருக்கு அதைவிட நல்ல பழைய சரக்கு இல்லை என்பது என் கருத்து. வாங்கும்போது காயிலின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று நேரில் பாருங்கள். டியூஸில் காயிலுக்குள்ளேயே மின்னணுச் சுற்றும் பேட்டரியும் இருக்கின்றன.

புதிதாக வாங்குவதென்றால் மைன்லேப் இக்வினாக்ஸ் 900-ஐப் பெட்டியோடு வாங்கும்போது 11, 6 அங்குலம் இரண்டு காயில்களும் சேர்ந்தே வருகின்றன. தனியாகச் சிறு காயில் வாங்கும் செலவு மிச்சம். துருக்கியில் செய்யும் நோக்டா லெஜண்ட் விலைக்கு நல்ல மதிப்பு. அதன் 6 அங்குலக் காயிலையும் சேர்த்தே வாங்குங்கள். இன்னும் கையைக் கடித்தால், அதே குடும்பத்தின் பழைய மக்ரோ ரேசர், 14 கிலோஹெர்ட்ஸ், சிறு காயிலோடு. கைமாற்று விலையில் கிடைக்கும் இதுவும் இரும்பில் நன்றாகவே பேசும். ஆழத்துக்குப் புகழ்பெற்ற மைன்லேப் இ-ட்ராக் போன்ற பழைய கனமான கருவிகள் புல்வெளிக்கு அருமையானவை. மெதுவாக மீள்வதால் ஆணி நெருக்கத்தில் தடுமாறும்.

ஹெட்போன் பற்றி ஒரே வார்த்தை: பாட்டுக் கேட்கும் சாதாரணப் புளூடூத் வேண்டாம். ஒலி தாமதமாக வந்தால், காது கேட்கும்போது காயில் அடுத்த ஆணிக்குப் போயிருக்கும். கம்பி ஹெட்போன் அல்லது கருவியோடு வரும் வயர்லெஸ் மட்டும்.

வாங்குமுன் ஒரு பலகைச் சோதனை

கடைக்காரர் காற்றில் காசை வீசிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு முழச் சதுரத்தில் ஆணி அடிக்காத மரப்பலகை ஒன்று. இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள இரும்பாணி நான்கு, முடிந்தால் வயலில் எடுத்த துருப்பிடித்த சதுர ஆணிகள். ஒரு சிறு வெள்ளிக் காசு. காசு விஷயத்தில் கவனம் வேண்டும். பிரிட்டனின் 1, 2 பென்ஸ் காசுகள் 1992 முதல் செம்புப் பூச்சிட்ட எஃகு; 5, 10 பென்ஸ் காசுகள் 2012 முதல் நிக்கல் பூச்சிட்ட எஃகு. இவற்றை வைத்துச் சோதித்தால் இரும்போடு இரும்பைத்தான் சோதிப்பீர்கள். நம் ஊர்ப் புழக்கத்தில் உள்ள ஒரு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் எஃகுதான். பழைய பிரிட்டிஷ் வெள்ளி மூன்று பென்ஸ் காசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 16 மி.மீ., 1.4 கிராம். சுத்தியலடிப் பென்னிக்கு இதைவிட நல்ல பதிலி இல்லை. பழங்காசுக் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும்.

இரும்பில்லாத தரையில் பலகையை வையுங்கள். முதலில் வெறும் பலகையின்மேல் காயிலை வீசி, அடியில் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நடுவில் காசு. அதைச் சுற்றி நான்கு ஆணிகளும் வெவ்வேறு கோணத்தில், காசிலிருந்து மூன்று முதல் ஐந்து செ.மீ. தள்ளி. காயிலை ஐந்து செ.மீ. உயரத்தில் பிடித்து, நிதானமாக வீசுங்கள். பலகையைச் சுற்றி நடந்து எட்டுத் திசையிலிருந்தும் வீசுங்கள். எத்தனை திசையில் நல்ல தொனி எழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ரெகவரி வேகத்தை மட்டும் மாற்றித் திரும்பவும். அயர்ன் பயஸை மட்டும் மாற்றித் திரும்பவும். காயிலை மாற்றித் திரும்பவும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் தேறியது என்று தெரியாது.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. காசைத் தரையில் வைத்து, அதற்கு மேலே ஐந்து செ.மீ. கனமுள்ள மரக்கட்டையோ நுரைத் துண்டோ வைத்து, அதன்மேல் ஆணியைச் சற்று ஒதுக்கிப் போடுங்கள். வயலில் உள்ளது பெரும்பாலும் இந்த நிலைதான். சமதளத்தில் எட்டுத் திசையிலும் பாடிய கருவி, இங்கே இரண்டு திசையில் மட்டும் ஒரு கீச்சொலி எழுப்பும். அந்தக் கீச்சொலியைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். வயலில் அப்படி ஒன்று கேட்டால் நின்று, சுற்றி நடந்து பார்ப்பதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அனுமதியும் சட்டமும்

நல்ல கருவி கையில் இருந்தாலும், நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வயலில் கால் வைக்கக் கூடாது. குத்தகைக்கு உழுகிறவர் வேறு ஆள் என்றால் அவரிடமும் கேட்க வேண்டும். எழுத்தில் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் சிறப்பு அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரும்பு மண்டிய பழைய குடியிருப்புகள் சில அப்படிப்பட்ட பட்டியலில் இருக்கக்கூடும் என்பதால், வரைபடத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் நடப்பில் இருக்கிறது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது பத்தில் ஒரு பங்கு தங்கமோ வெள்ளியோ கலந்த பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒற்றை வெள்ளிக் காசு இதில் வராது. ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் வரும். நடைமுறையில் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் திட்டத்தின் உள்ளூர் அலுவலரிடம் காட்டினால் வழி சொல்வார். சட்டம் கேட்காத சிறு பொருளையும் அவரிடம் பதிவுசெய்யுங்கள். எந்த வயலில் எந்தக் காலத்தில் ஆள் இருந்தார்கள் என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. தமிழ்நாட்டு வயலில் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவித்தாக வேண்டும்.

பெரிதாக ஏதாவது தென்பட்டால் தோண்டுவதை உடனே நிறுத்துங்கள். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்னி கிராமத்தில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தரப் போன எரிக் லாஸ், ரோமானியர் காலத்து வெள்ளிக் கரண்டிகளையும் பொன் நகைகளையும் கண்டார். முழுவதையும் தோண்டி எடுக்காமல் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, எது எதோடு எப்படி அடுக்கியிருந்தது என்பது கெடாமல் எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 நாணயங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்று அந்தப் புதையலும் இருக்கிறது, அவர் தேடிப்போன சுத்தியலும் இருக்கிறது.

வயலில்

அறுவடை முடிந்து, உழுது, உருளை ஓட்டிச் சமன்செய்து, ஒரு மழையும் பெய்த மண்தான் தோது. பெரிய கட்டிகளாகக் கிடக்கும் புது உழவில் காயில் தரையோடு படியாது. உயரமான தாளிலும் அப்படித்தான். காயில் நான்கு விரல் மேலே போனால், சிறு காயிலின் எட்டும் ஆழத்தில் பாதியைத் தாளுக்கே கொடுத்துவிடுகிறீர்கள்.

முதலில் பெரிய காயிலோடு வயலை அகலமாகச் சுற்றி, இரும்பு எங்கே நெருங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டத்தை நான்கு குச்சி நட்டுக் குறித்து, சிறு காயிலுக்கு மாறுங்கள். ஒரு வீச்சு முந்தைய வீச்சின்மேல் பாதி படிய வேண்டும். கருவி அதிவேகமாக மீளும் என்பதற்காகக் கை வேகமாக வீசக் கூடாது.

நல்ல தொனி ஒரு பக்கம் போகும்போது மட்டும் கேட்டு, திரும்பும்போது கேட்காவிட்டால் உடனே ஒதுக்காதீர்கள். சுற்றி நடந்து பாருங்கள். ஒரு கோணத்தில் கேட்டுக் குறுக்கே திரும்பினால் மறைந்துபோய், எண்ணும் எகிறிக் குதித்து, இடமும் அங்கே இங்கே நகர்ந்தால் அது பெரும்பாலும் வளைந்த ஆணி. இடம் நகராமல், இரண்டு கோணத்திலாவது அதே புள்ளியில் சிறு கீச்சொலி திரும்பத் திரும்ப வந்தால், எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தோண்டுங்கள்.

லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இன்னொரு தொல்லை உண்டு. முற்காலத்தில் நகரத்துக் கழிவும் சாம்பலும் படகிலும் ரயிலிலும் வந்து எருவாக வயலில் கொட்டப்பட்டன. அதோடு வந்த எரிந்த நிலக்கரிக் கட்டிகள் இன்றும் நல்ல உலோகம்போலக் கீச்சிடும். இவற்றின் எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும் என்பதால் அந்தச் சிறு பகுதியை மட்டும் அடைக்கலாம். மெல்லிய காசு சிலவும் அதே எண்ணில் போய்விடும் என்று தெரிந்தே அடையுங்கள். அண்மைக் காலத்தில் தோட்டக் கழிவு உரத்தோடு அலுமினியத் துணுக்குகள் கலந்து கொட்டப்பட்ட வயல் என்றால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. விவசாயியிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த வயலை விட்டுவிடுங்கள்.

குழியில் காசு வந்தாலும் ஆணி வந்தாலும் குழியை இன்னொரு முறை சோதியுங்கள், கைப்பிடிப் பின்பாயின்டராலும் காயிலாலும். மேலே கிடந்த ஆணியை எடுத்த பிறகுதான் கீழே இருப்பது வாய் திறக்கும். எடுத்த இரும்பைத் திரும்ப வயலில் போடாதீர்கள். இடுப்பில் இரும்புக்கென்று தனிப் பை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். பழைய அம்பு முனையோ கத்தியோ துருக்கட்டிக்குள் ஒளிந்திருக்கலாம், அதனால் வீட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டே கழியுங்கள். குண்டு, வெடிபொருள் போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் இடத்தைக் குறித்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அந்த நிலம் மேய்ச்சலுக்குப் போனால் கம்பித் துண்டை மாடு விழுங்கும் அபாயம் உண்டு; நீங்கள் எடுத்துப் போகும் ஒவ்வொரு துண்டும் விவசாயிக்கு லாபம். மண்ணை மூடி மிதித்து, முன்பிருந்ததுபோல விட்டுவிட்டுப் போங்கள். அடுத்த உழவு முடிந்ததும் அதே கட்டத்தில், அதே சிறு காயிலோடு, இந்த முறை எதிர்த்திசையிலிருந்து தொடங்குங்கள்.